தற்காலிகக் கோப்புகளை யார் அழிப்பது?

மாணவ நண்பர்களே, கணக்குத் தேர்வில் விடைத்தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அதற்குள் பெருக்கல், வகுத்தல் செய்து பார்ப்பீர்கள் அல்லவா? அதன் தலையில் 'ரஃப் ஒர்க்' என்றும் எழுதுவீர்கள். விடை கிடைத்த பிறகு அந்தக் கிறுக்கல்களால் பயன் இல்லை. தாளில் எழுதியதால் அவை அங்கேயே கிடக்கின்றன. யாருக்கும் தொல்லை இல்லை. ஆனால் அதே கணக்கைக் கரும்பலகையில் போட்டால்? வகுப்பு முடிந்ததும் யாராவது துடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வரும் ஆசிரியருக்கு எழுத இடம் இருக்காது.

கணிப்பொறியும் இப்படி ரஃப் ஒர்க் செய்கிறது. அதன் கரும்பலகை எது? அதைத் துடைப்பது யார்? துடைக்க மறந்தால் என்ன ஆகும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் இக்கட்டுரையில் விடை காண்போம். மூன்றாவது கேள்விக்கு விடை தேடச் செவ்வாய்க் கிரகம் வரை போய்வர வேண்டியிருக்கும்!

தற்காலிகக் கோப்பு என்றால் என்ன?

சுருக்கிக் கட்டிய கோப்பு ஒன்றைத் திறக்கிறீர்கள். கணிப்பொறி அதைப் பிரித்து ஓர் இடத்தில் வைத்துக்கொண்டுதான் உங்களுக்குக் காட்டுகிறது. அச்சிடச் சொல்கிறீர்கள். அச்சுப்பொறிக்குப் புரியும் வடிவில் பக்கங்களை மாற்றி, வரிசை வரும் வரை வட்டில் வைத்திருக்கிறது. ஒரு வீடியோவை வெட்டி ஒட்டுகிறீர்கள். இடையில் உண்டாகும் துண்டுகளை எல்லாம் எங்கோ சேர்த்து வைக்கிறது. இவற்றில் எதுவும் நீங்கள் கேட்டதல்ல. விடைக்குப் போகும் வழியில் கணிப்பொறி தனக்காக உண்டாக்கிக்கொண்டவை. இவற்றையே தற்காலிகக் கோப்புகள் என்கிறோம். பல கோப்புகள் தேவைப்பட்டால் அவற்றைச் சேர்த்து வைக்க ஒரு தற்காலிகக் கோப்புறையும் உருவாகும்.

இந்த வேலைக்கென்றே தனி இடம் உண்டு. யூனிக்ஸ், லினக்ஸ் கணிப்பொறிகளில் 'டிஎம்பி' என்ற அடைவு; விண்டோஸில் 'டெம்ப்' என்ற கோப்புறை. இதுதான் கணிப்பொறியின் கரும்பலகை. வகுப்பில் உள்ள எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவான பலகையைப் போல, கணிப்பொறியில் ஓடும் எல்லா நிரல்களுக்கும் இது பொது.

பொதுவான இடம் என்றாலே ஒரு சிக்கல் வரும். அது என் ஆய்வகத்திலும் வந்தது.

கடைசி வரியை நம்பினேன்

எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனைக்காக நான் ஒரு சிறு நிரல் எழுதினேன். ஊசல் ஆடுவதை ஒரு நிமிடம் வீடியோவாக எடுக்க வேண்டும். பிறகு நிரல் இந்த வேலைகளை வரிசையாகச் செய்யும்:

1. தற்காலிகக் கோப்புறை ஒன்றை உருவாக்கு.
2. வீடியோவைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்து அதில் சேமி.
3. ஒவ்வொரு படத்திலும் ஊசல் குண்டின் இடத்தைக் கண்டுபிடி.
4. அலைவு நேரத்தைக் கணக்கிட்டுத் திரையில் காட்டு.
5. தற்காலிகக் கோப்புறையை அழி.

ஒழுங்கான நிரல் என்றே நினைத்தேன். கடைசி வரியில் துப்புரவும் இருக்கிறதே! பல மாதங்கள் அது நன்றாகவே ஓடியது.

கல்வியாண்டின் முடிவில் ஒரு மாலை. மறுநாள் பதிவேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய ஒரு மாணவி, தன் அளவீடுகள் அடங்கிய அட்டவணையில் கடைசி வரிசையைச் சேர்த்துச் சேமிக்க முயன்றார். அந்த அட்டவணை நிரலும் நான் எழுதியதுதான். பழைய கோப்பைக் காலி செய்துவிட்டு முழுவதையும் புதிதாக எழுதும் எளிய நிரல் அது. காலி செய்தது. ஆனால் எழுத முடியவில்லை. அதே நேரத்தில் பின்னால் ஓடிக்கொண்டிருந்த வீடியோ நிரல் வட்டில் எஞ்சியிருந்த இடத்தை எல்லாம் நிரப்பிவிட்டது. 'வட்டில் இடம் இல்லை' என்று ஒரு வரி திரையில் வந்தது. மாணவியின் கோப்பில் பெயர் மட்டும் இருந்தது. அதன் அளவு சுழி.

காரணம் தேடியபோது டெம்ப் கோப்புறைக்குள் நூற்றுக்கணக்கான பழைய கோப்புறைகள் கிடந்தன. எப்படி வந்தன? வீடியோவில் ஊசல் கோணலாக ஆடியிருக்கும். அல்லது தவறான கோப்பைக் கொடுத்திருப்பார்கள். உடனே மாணவர்கள் கண்ட்ரோல், சி என்ற இரு விசைகளைச் சேர்த்து அழுத்தி நிரலை நிறுத்திவிட்டு, மறுபடி தொடங்குவார்கள். நிரல் மூன்றாவது வரியில் நின்றுவிட்டால் ஐந்தாவது வரிக்கு எப்படிப் போகும்? துப்புரவு நடக்கவே இல்லை.

இப்போது ஒரு சிறு கணக்கு. வினாடிக்கு 30 படங்கள் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,800 படங்கள். ஒரு படம் அரை மெகாபைட் என்றால் மொத்தம் 900 மெகாபைட், அதாவது 0.9 ஜிகாபைட். வட்டில் காலியாக இருந்த இடம் 180 ஜிகாபைட். 180-ஐ 0.9-ஆல் வகுத்தால் 200. ஆக, 200 முறை பாதியில் நிறுத்தினால் வட்டு நிரம்பிவிடும். அறுபது மாணவர்கள் ஆளுக்கு மூன்று நான்கு முறை நிறுத்தினாலே போதும்! நிரலை எழுதிய அன்றே இந்தக் கணக்கை நான் போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த மாணவி மூன்று நாள் உட்கார்ந்து அளவீடுகளை எல்லாம் மறுபடியும் எடுத்தார். தவறு என்னுடையது, உழைப்பு அவருடையது.

என் ஆய்வகத்தில் போனது மூன்று நாள். இதே வகைச் சிக்கல் ஒருமுறை ஒரு விண்வெளிப் பயணத்தையே முடித்துவிடப் பார்த்தது.

செவ்வாயில் வாய் திறக்காத ஊர்தி

அமெரிக்காவின் நாசா நிறுவனம் அனுப்பிய 'ஸ்பிரிட்' என்ற ஆறு சக்கர ஊர்தி, ஏறத்தாழ ஏழு மாதப் பயணத்துக்குப் பின் 2004-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் செவ்வாயில் குசெவ் என்னும் பள்ளத்தில் இறங்கியது. 'அடிராண்டாக்' என்று பெயரிட்ட ஒரு பாறையை ஆராயத் தொடங்கியிருந்த நேரம். ஜனவரி 21-ஆம் நாள், செவ்வாயில் அதன் 18-ஆவது நாளன்று, ஊர்தி திடீரென்று பேச்சை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவில் கான்பெராவுக்கு அருகில் உள்ள வானொலி நிலையத்தில் அப்போது இடியும் மழையுமாக இருந்தது. அதனால்தான் சைகை தவறிவிட்டதோ என்று முதலில் எண்ணினார்கள். வானம் தெளிந்த பிறகும் ஊர்தி சரியாகப் பதில் சொல்லவில்லை.

பின்னர் கிடைத்த சிறு சிறு செய்திகளிலிருந்து ஒரு விந்தையான உண்மை வெளிப்பட்டது. ஊர்தியின் கணிப்பொறி தானே நின்று, தானே மறுபடி இயங்கி, மறுபடி நின்று, இப்படி அறுபது முறைக்கும் மேலாகச் செய்துகொண்டிருந்தது! இரவில் உறங்கி மின்சாரத்தைச் சேமிக்க வேண்டிய ஊர்தி உறங்கவும் இல்லை. மின்கலங்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

என்ன நடந்தது? ஸ்பிரிட்டில் இரு வகை நினைவகங்கள் முக்கியமானவை. ஒன்று, மின்சாரம் இருக்கும் வரை மட்டும் நினைவில் வைத்திருக்கும் 128 மெகாபைட் 'ரேம்'. மற்றொன்று, மின்சாரம் போனாலும் மறக்காத 256 மெகாபைட் 'ஃபிளாஷ்' நினைவகம். படங்களும் அளவீடுகளும் ஃபிளாஷில் கோப்புகளாகச் சேர்ந்தன. கணிப்பொறி இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், ஃபிளாஷில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்ற அட்டவணையை ரேமுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். நூலகத்தைத் திறந்ததும் நூல் பட்டியலை எடுத்து மேசை மேல் வைப்பது போல.

மேசை சிறியது, பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. செவ்வாயில் எடுத்த படங்களோடு, ஏழு மாதப் பயணத்தின்போது சேர்ந்த பழைய கோப்புகளும் அழிக்கப்படாமல் அங்கேயே இருந்தன. போதாக்குறைக்கு, அந்தக் கோப்பு அமைப்பில் ஒரு கோப்பை அழித்தாலும் பட்டியலில் அதன் வரிக்குரிய இடம் சுருங்குவதில்லை. ஃபிளாஷ் நினைவகத்தில் இடம் இருந்தும், பட்டியலை வைக்க ரேமில் இடம் இல்லாமல் போயிற்று. கணிப்பொறி 'கோளாறு' என்று கண்டு தன்னை நிறுத்தி மறுபடி இயங்கியது. இயங்கியதும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று என்ன? அதே பட்டியலைக் கொண்டுவருவது! மறுபடியும் கோளாறு. இந்தச் சுழலிலிருந்து அதனால் தானாக வெளியே வர முடியவில்லை.

பழைய கோப்புகளை நீக்க வேண்டும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. அதற்கான நிரலை இரு பகுதிகளாக 15-ஆவது நாளில் அனுப்பினார்கள். ஒரு பகுதி சரியாகப் போய்ச் சேரவில்லை. அதை 19-ஆவது நாளில் மறுபடி அனுப்பத் திட்டமிட்டிருந்தார்கள். ஊர்தி 18-ஆவது நாளில் படுத்துவிட்டது. ஒரே ஒரு நாள்!

கடைசியில், ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமலே இயங்கு என்று 17 கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து ஆணை அனுப்பினார்கள். ஊர்தி கேட்டது. சுழல் அறுந்தது. வேண்டாத கோப்புகளை நீக்கி, பிப்ரவரி முதல் வாரத்தில் ஃபிளாஷ் நினைவகத்தை முழுவதும் துடைத்துப் புதிதாக அமைத்தார்கள். செவ்வாயில் 90 நாட்கள் உழைக்கவே அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010-ஆம் ஆண்டு மார்ச் வரை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. சக்கரமோ மின்கலமோ உடைந்ததால் அல்ல, அழிக்காமல் விட்ட கோப்புகளால் அத்தனையும் 18-ஆவது நாளிலேயே முடிந்து போயிருக்கும்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அழிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஆனால் அழிக்கும் வேலை, உருவாக்கும் வேலையோடு கட்டப்படவில்லை. 'பிறகு' நடக்க வேண்டியதாக இருந்தது. அந்தப் 'பிறகு' வருவதற்குள் வேறு ஒன்று வந்துவிட்டது.

ஒரே வாசல் உள்ள ஆய்வகம்

அப்படியானால் என்ன செய்வது? எங்கள் ஆய்வகத்து உதவியாளரிடமே விடை இருக்கிறது. திருகு அளவி வேண்டும் என்று கேட்டால் அவர் உடனே கொடுக்க மாட்டார். முதலில் சீட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டு வாசலில் அவர் மேசை மேல் இருக்கும். சோதனை முடிந்து போகிறீர்களா, பாதியில் சலித்துப் போகிறீர்களா, தலைவலி என்று போகிறீர்களா என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. வாசலைத் தாண்டுமுன் அளவியைக் கொடுத்துவிட வேண்டும். ஆய்வகத்துக்கு வாசல் ஒன்றுதான்.

இதில் இரண்டு கருத்துகள் உள்ளன. ஒன்று: திருப்பித் தரும் ஏற்பாடு, வாங்கும்போதே செய்யப்படுகிறது. இரண்டு: எந்தக் காரணத்துக்காக வெளியேறினாலும் அதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். நிரல் மொழிகளை வடிவமைத்தவர்கள் செய்ததும் இதுதான்.

பிளஸ் டூவில் பைத்தான் மொழி படிப்பவர்களுக்கு 'டிரை', 'ஃபைனலி' என்ற சொற்கள் விளங்கும். 'டிரை' என்பதன் கீழ் செய்ய வேண்டிய வேலைகளை எழுதுகிறோம். 'ஃபைனலி' என்பதன் கீழ் துப்புரவை எழுதுகிறோம். மேலே உள்ள வேலை ஒழுங்காக முடிந்தாலும் சரி, இடையில் பிழை வந்தாலும் சரி, கண்ட்ரோல், சி அழுத்தினாலும் சரி, 'ஃபைனலி' பகுதியைச் செய்துவிட்டுத்தான் நிரல் வெளியேறும். அதுவே வாசல்.

ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. 'ஃபைனலி' எழுத நாம் மறந்துவிடலாமே! எனவே 2006-ஆம் ஆண்டு வெளிவந்த பைத்தான் 2.5 பதிப்பில் 'வித்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். 2011-இல் வந்த 3.2 பதிப்பில் 'டெம்பரரி டைரக்டரி' என்ற கருவியும் சேர்ந்தது. இப்போது என் ஊசல் நிரல் இப்படி இருக்கிறது:

இந்தத் தற்காலிகக் கோப்புறையுடன்:
　　வீடியோவைப் பிரித்து அதில் சேமி.
　　குண்டின் இடத்தைக் கண்டுபிடி.
　　அலைவு நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டு.

அழிக்கும் வரி எங்கே என்று கேட்கிறீர்களா? தனியாக இல்லை. முதல் வரியிலேயே அது அடங்கியிருக்கிறது. உள்ளே தள்ளி எழுதிய மூன்று வரிகளை விட்டு எந்த வழியில் வெளியேறினாலும், கோப்புறையும் அதனுள் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். சீட்டில் கையெழுத்துப் போடாமல் கருவி கைக்கு வராது என்பது போல, அழிக்கும் ஏற்பாடு இல்லாமல் கோப்புறை உருவாகாது. மறப்பதற்கே இடம் இல்லை.

சி பிளஸ் பிளஸ் மொழியில் இதே கருத்து இன்னும் பழையது. அங்கே ஒரு பொருளுக்கு 'ஆக்கி' என்றும் 'அழிப்பி' என்றும் இரண்டு பகுதிகள் உண்டு. ஆக்கி கோப்பை உருவாக்கும். அந்தப் பொருள் தன் எல்லையை விட்டு நீங்கும்போது அழிப்பி தானாக இயங்கி அதை நீக்கும்.

பெயர் வேறு, பொருள் வேறு

'சரி ஐயா, மின்சாரம் போய்விட்டால்? வாசலே இடிந்து விழுந்தது போலத்தானே?' என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. மின்சாரம் போனாலோ, நிரலைக் கட்டாயமாகக் கொன்றாலோ 'ஃபைனலி'யும் 'வித்'தும் இயங்க நேரம் கிடைக்காது. இதற்கு யூனிக்ஸில் ஓர் அழகான தந்திரம் இருக்கிறது.

யூனிக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. பெயர் என்பது அடைவில் உள்ள ஒரு வரி. நூலகப் பட்டியலில் உள்ள ஓர் அட்டையைப் போல. கோப்பு என்பது வட்டில் உள்ள தகவல். அடுக்கில் உள்ள நூலைப் போல. ஒரு கோப்பை 'அழி' என்றால் யூனிக்ஸ் முதலில் அட்டையைத்தான் கிழிக்கிறது. ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் கோப்பு அப்படியே இருக்கும். எந்தப் பெயரும் இல்லை, எந்த நிரலும் திறந்து வைத்திருக்கவில்லை என்ற நிலை வந்தவுடன் அந்த இடம் காலியாகிவிடும்.

இனித் தந்திரம் என்னவென்று ஊகித்திருப்பீர்கள். நிரல் தற்காலிகக் கோப்பை உருவாக்கித் திறக்கிறது. திறந்த உடனே, ஓர் எழுத்துக்கூட எழுதுமுன், அதன் பெயரை அழித்துவிடுகிறது! பிறகு நிம்மதியாக எழுதுகிறது, படிக்கிறது. நூல் கையில் இருக்கிறது. பட்டியலில் அட்டை இல்லை. நிரல் எப்படி முடிந்தாலும், கொல்லப்பட்டாலும், இயக்க அமைப்பு அது திறந்து வைத்த கோப்புகளை மூடும். அந்தக் கணமே இடம் திரும்பக் கிடைக்கும். மின்சாரம் போனாலும், கணிப்பொறி மறுபடி இயங்கும்போது இப்படிப் பெயரற்றுக் கிடக்கும் கோப்புகளைக் கண்டு அவற்றின் இடம் மீட்கப்படும்.

இறுதியில் செய்ய வேண்டிய வேலையைத் தொடக்கத்திலேயே செய்து முடித்துவிடுவது! 'பிறகு' என்ற சொல்லுக்கே இங்கு வேலை இல்லை. ஆனால் இது எல்லா இடத்திலும் பயன்படாது. பெயர் இல்லாத கோப்பை வேறொரு நிரலிடம் பெயர் சொல்லிக் கொடுக்க முடியாது. பல கோப்புகள் உள்ள கோப்புறைக்கும் இந்த முறை ஒத்துவராது.

காலையில் வரும் துப்புரவாளர்

எத்தனை ஏற்பாடு செய்தாலும் சில மிச்சங்கள் கிடக்கத்தான் செய்யும். ஆகவே பெரும்பாலான கணிப்பொறிகளில் அவ்வப்போது பொது இடத்தைப் பெருக்கும் ஒரு நிரலும் இருக்கிறது. இன்றைய லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில் டிஎம்பி அடைவில் 10 நாட்களாக யாரும் தொடாத கோப்புகளை நீக்குவது இயல்பான ஏற்பாடு. சிலவற்றில் கணிப்பொறியை நிறுத்தி இயக்கும்போதே அந்த அடைவு காலியாகிவிடும். விண்டோஸிலும் இதற்கான வசதி உண்டு.

ஏன் பத்து நாள் காத்திருக்க வேண்டும்? பார்த்தவுடன் நீக்கினால் என்ன? துப்புரவாளருக்கு எது குப்பை, எது வேலையில் உள்ளது என்று தெரியாது. பாதி இறங்கிய கோப்பு நாளை தொடர்ந்து இறங்கலாம். மின்சாரம் போனபோது நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்த கட்டுரையின் நகல் அங்கே இருக்கலாம். நீங்கள் இடைவேளையில் மேசை மேல் வைத்துவிட்டுப் போன தாளை யாரோ குப்பை என்று எடுத்துப் போய்விட்டால் எப்படி இருக்கும்? எனவே வெளியிலிருந்து வரும் துப்புரவாளர் வயதைப் பார்த்துத்தான் நீக்க முடியும். உருவாக்கியவனுக்கு மட்டுமே அது எப்போது குப்பை ஆயிற்று என்று சரியாகத் தெரியும்.

அழிப்பதிலும் ஆபத்து உண்டு

துப்புரவில் மிகுந்த ஆர்வமும் ஆபத்துதான். 2015-ஆம் ஆண்டு ஜனவரியில், 'ஸ்டீம்' என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் ஒரு பிழை இருப்பது தெரியவந்தது. அதன் நிரலில், 'என் கோப்புறையின் முகவரி' என்பதைக் கண்டுபிடித்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, 'அந்த முகவரிக்குக் கீழ் உள்ள அனைத்தையும் அழி' என்று ஓர் ஆணை இருந்தது. கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்திய ஒருவரின் கணிப்பொறியில் முகவரி கிடைக்கவில்லை. மாறி வெறுமையாக இருந்தது. வெறுமைக்குக் கீழ் உள்ள அனைத்தும் என்றால் என்ன? வட்டின் வேருக்குக் கீழ் உள்ள அனைத்தும்! அவருடைய சொந்தக் கோப்புகள் எல்லாம் அழிந்தன. இணைத்திருந்த வெளி வட்டில் இருந்தவையும் போயின. 'முகவரி வெறுமையா?' என்று ஒரு வரியில் கேட்டிருந்தால் போதும்.

மற்றோர் ஆபத்து, பெயரில் வருவது. இரண்டு நிரல்கள் ஒரே பொது இடத்தில் 'தற்காலிகம் 1' என்று ஒரே பெயரை வைத்துக்கொண்டால், ஒன்று முடித்துவிட்டு அழிப்பது மற்றதன் கோப்பாக இருக்கும். இதனால்தான் தற்காலிகக் கோப்புகளுக்கு எவரும் ஊகிக்க முடியாத எழுத்துக் கோவைகளைப் பெயராக வைக்கிறார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் 'உருவாக்க மாட்டேன், வேறு பெயர் கொடு' என்று இயக்க அமைப்பு மறுத்துவிடும். பெயர் தேடும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். மொழியில் உள்ள கருவியிடம் விட்டுவிடுங்கள்.

இவ்விரண்டிலிருந்தும் ஒரு விதி கிடைக்கிறது: நீ உருவாக்கியதை மட்டும் நீ அழி, அது உன்னுடையதுதானா என்று பார்த்துவிட்டு அழி.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளியில் பைத்தான் உள்ள கணிப்பொறி இருந்தால், ஆசிரியரின் அனுமதியோடு ஒரு சோதனை செய்யுங்கள். முதலில், தற்காலிகக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதன் முகவரியைத் திரையில் காட்டி, பிறகு வேண்டுமென்றே 1-ஐச் சுழியால் வகுத்து, கடைசி வரியில் கோப்புறையை அழிக்கும் ஒரு நிரலை எழுதுங்கள். இயக்குவதற்கு முன், என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இயக்குங்கள். வகுத்தலில் பிழை வந்து நிரல் நிற்கும். திரையில் வந்த முகவரிக்குப் போய்ப் பாருங்கள்: கோப்புறை அங்கேயே இருக்கும்.

இரண்டாவதாக, அதே நிரலை 'வித்' கொண்டு எழுதி இயக்குங்கள். அதே பிழை வரும். அதே இடத்தில் நிரல் நிற்கும். ஆனால் கோப்புறை இருக்காது. மூன்றாவதாக, வகுத்தலுக்குப் பதில் ஐந்து நிமிடம் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, நிரலைக் கண்ட்ரோல், சி கொண்டு ஒருமுறையும், இயக்க அமைப்பின் வழியாகக் கட்டாயமாகக் கொன்று ஒருமுறையும் நிறுத்திப் பாருங்கள். முடிவுகள் எங்கே வேறுபடுகின்றன? ஏன்? மேலே படித்ததைக் கொண்டு நீங்களே விளக்கம் எழுதலாம்.

வீட்டில் விண்டோஸ் கணிப்பொறி இருந்தால், அமைப்புகளில் 'ஸ்டோரேஜ்' என்ற பகுதிக்குப் போய், 'டெம்பரரி ஃபைல்ஸ்' எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று பாருங்கள். அங்கே எதையும் உடனே அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு வரியும் என்ன என்று படித்துப் பார்த்து, பெரியவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள். ஸ்டீம் கதை நினைவிருக்கட்டும்!

அந்த நாளுக்குப் பிறகு என் மாணவர்கள் எழுதிக் கொண்டுவரும் நிரல்களில் நான் முதலில் பார்ப்பது விடையை அல்ல. கோப்பைத் திறக்கும் வரியைத் தேடி, அதை மூடும் ஏற்பாடு அந்த வரியிலேயே இருக்கிறதா என்று பார்க்கிறேன். கடைசி வரியில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: 'அந்தக் கடைசி வரிக்கு நிரல் வந்து சேரும் என்று உனக்கு யார் சொன்னது?'